சிடி டிரைவைக் கம்ப்யூட்டர் காட்டவில்லையா? தூக்கிப் போடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஸ்கேன் ஃபிலிம் உறை, உறைக்குள் ஒரு சிடி. அவர் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை பெங்களூரு நிம்ஹான்ஸில் காட்ட வேண்டும்.

"சிடியைப் பென்டிரைவ்லயும் போட்டு வெச்சுக்கிட்டா நல்லதுன்னு சொன்னாங்க தம்பி. பையன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தான். டிரைவே இல்லைன்னு காட்டுதாம். சிடி கெட்டுப்போச்சா சாமி?"

என் கடைக் கம்ப்யூட்டரில் போட்டதும் சிடி படித்தது. ஐந்து நிமிடத்தில் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு அவர் மகன் போன் செய்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன். "அண்ணா, எங்க டிரைவ் போச்சா? புதுசு வாங்கணுமா?" என்றான். முக்கால் மணி நேரம் போனிலேயே பேசி, அவன் கையாலேயே கோளாறைக் கண்டுபிடிக்க வைத்தேன். அன்று அவனுக்குச் சொன்ன வரிசையைத்தான், கேபினெட்டை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி விரித்து எழுதுகிறேன்.

தருமபுரியில் பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். இப்போது விற்கிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்து வீடுகளில் சிடி இன்னும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு சிடி வருகிறது. 2005, 2010 வாக்கில் நடந்த கல்யாணமெல்லாம் டிவிடியில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் நடந்த பாரதக் கூத்தை யாரோ ஒருவர் கேமராவில் பிடித்து ஊருக்குள் கொடுத்த டிவிடிகள், இன்று உயிரோடு இல்லாத வாத்தியார்களின் குரலோடு பீரோவுக்குள் கிடக்கின்றன. அதனால் டிரைவ் தெரியவில்லை என்று யார் வந்தாலும் நான் சும்மா விடுவதில்லை.

எது காணவில்லை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"சிடி எடுக்க மாட்டேங்குது" என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் வேலையைத் தொடங்கினால் அரை நாள் வீணாகும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டிரைவின் முகப்பில் இருக்கும் எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். ட்ரே வரவில்லை, சின்ன லைட்டும் மினுக்கவில்லை என்றால் டிரைவுக்குக் கரன்டே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இது முதல் வகை.

ட்ரே ஒழுங்காக வெளியே வருகிறது, உள்ளே போகிறது, லைட்டும் எரிகிறது. ஆனால் 'திஸ் பிசி'யைத் திறந்தால் டிரைவின் படமே இல்லை. இது இரண்டாம் வகை. அந்தப் பையனுடையது இதுதான்.

டிரைவின் படம் இருக்கிறது. சிடி போட்டுத் திறந்தால் மட்டும் 'இன்சர்ட் எ டிஸ்க்' என்கிறது. இது மூன்றாம் வகை. இங்கே கம்ப்யூட்டர் டிரைவை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. படிக்கத்தான் முடியவில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. அது கோளாறே இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிவிடிப் படத்தை ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. கல்யாண டிவிடியைப் போட்டு இரண்டு முறை கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. "டிரைவ் போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு விஎல்சி பிளேயரை ஏற்றிக் கொடுத்ததும் மாலை மாற்றுவது திரையில் வந்துவிடும். விஎல்சி இலவசம்தான். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

கேபினெட்டைத் தொடும் முன்

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டாம்.

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஷட் டவுன்' கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் ஆன் ஆக வேண்டும் என்பதற்காக உள்நிலையில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. நேற்று டிரைவை மறந்துபோயிருந்தால் இன்றும் அதே மறதியோடுதான் எழுந்திருக்கும். அதனால் ஷட் டவுன் வேண்டாம், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை அணைத்து, சுவிட்ச் போர்டிலிருந்து வயரையும் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். மின்சாரம் வந்து போய் வந்து போய் இருந்த நாளுக்கு அடுத்த நாள் இப்படிப்பட்ட கேஸ்கள் அதிகம் வரும். இந்த முப்பது விநாடியிலேயே சில டிரைவ்கள் திரும்பி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பயாஸில் பாருங்கள்: பாதை பிரிகிற இடம் இது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று ஒரு சுற்று எண்ணிப் பார்க்கும். அதற்கு விண்டோஸ் தெரியாது, வைரஸ் தெரியாது, டிரைவர் (ஒரு கருவியோடு விண்டோஸ் பேசுவதற்கான மென்பொருள்) தெரியாது. கேபிள் வழியாகப் பதில் சொல்கிற எதையும் அது பட்டியலில் எழுதிவிடும். ஆகவே பயாஸில் டிரைவின் பெயர் இல்லை என்றால் சிக்கல் கேபிளில், கரன்டில், டிரைவில் அல்லது கொஞ்சம் கீழே சொல்லப்போகிற பயாஸ் அமைப்பில். பயாஸில் பெயர் இருந்து விண்டோஸில் இல்லை என்றால் சிக்கல் விண்டோஸில். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஃபோட்டோ, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போய், கேபிள் மட்டும் கழன்றபடியே கிடக்கும்.

பயாஸுக்குள் போக, ஆன் செய்த உடனே ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் டெலீட். திரையின் ஓரத்திலேயே எந்தப் பட்டன் என்று ஒரு விநாடி காட்டும். உள்ளே போனதும் எதையும் மாற்ற வேண்டாம். அம்புக்குறி பட்டன்களால் நகர்ந்து, 'ஸ்டோரேஜ்' அல்லது 'சாட்டா' என்று இருக்கும் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுமாறுவார்கள். டிவிடி டிரைவ் என்று அங்கே தமிழ்ப் பாடப்புத்தகம் மாதிரி எழுதியிருக்காது. கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் இருக்கும். 'எச்எல்-டிடி-எஸ்டி' என்று தொடங்கினால் அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து செய்த டிரைவ். 'டிஎஸ்எஸ்டிகார்ப்' என்றால் தோஷிபா, சாம்சங். 'பிஎல்டிஎஸ்' என்றால் பிலிப்ஸ், லைட்-ஆன். ஆங்கில எழுத்தில் இவற்றில் ஒன்று தெரிந்தால் உங்கள் டிரைவ் உயிரோடு இருக்கிறது.

அதே பக்கத்தில் ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் (டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் மதர்போர்டில் மாட்டுகிற இடம்) நேராக 'எனேபிள்டு', 'டிசேபிள்டு' என்று இருக்கும். மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குப் போனாலோ, யாராவது தெரியாமல் மாற்றியிருந்தாலோ, டிரைவ் மாட்டிய போர்ட் அணைந்து கிடக்கலாம். அதை மட்டும் எனேபிள் செய்து, சேமித்து வெளியே வாருங்கள்.

பையன் பயாஸைப் படித்துச் சொன்னான். "போர்ட் சீரோல எஸ்எஸ்டி இருக்குண்ணா. போர்ட் ஒண்ணுல ஹார்ட் டிஸ்க். ரெண்டு, மூணு காலி." எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்புக் கருவி. டிரைவ் பெயர் இல்லை. ஆனால் ட்ரே மட்டும் திறக்கிறது. கரன்ட் போகிறது, பேச்சு போகவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னேன்.

பயாஸில் இல்லை என்றால்: கேபிள்

கம்ப்யூட்டரை அணையுங்கள். வயரைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை உள்ளே விடாதீர்கள். பவர் பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைக் கையால் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். நைலான் சேலை, வறண்ட மாசி மாதம் இவை சேர்ந்தால் இது அவசியம்.

முன்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப்பக்கத் தகட்டைத்தான் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். பின்னால் இரண்டு ஸ்க்ரூ. கழற்றிப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். டிரைவின் முதுகில் இரண்டு கேபிள்கள் சொருகியிருக்க வேண்டும். அகலமானது கரன்டுக்கு, கம்ப்யூட்டர் முழுக்கக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வருகிறது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு வயர்கள் அதில் தெரியும். மஞ்சளில் 12 வோல்ட், டிஸ்கைச் சுழற்றும் மோட்டாருக்கு. சிவப்பில் 5 வோல்ட், உள்ளே இருக்கும் போர்டுக்கு. குறுகலான தட்டைக் கேபிள், பெரும்பாலும் சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில், மதர்போர்டுக்குப் போகும். அதுதான் பேச்சுக் கேபிள். டேட்டா கேபிள் என்பார்கள். இரண்டின் வாயும் 'ட' எழுத்து மாதிரி மடங்கியிருக்கும், ஒரு பக்கமாக மட்டுமே சொருகும். போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள்.

பையன் போனை டார்ச்சாக்கி உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அண்ணா, டிரைவ்ல பெரிய கேபிள் மட்டும்தான் இருக்கு. சின்னது இல்லவே இல்லை" என்றான்.

போன தீபாவளிக்கு எஸ்எஸ்டி போட்டிருக்கிறார்கள். போட்டவரிடம் கூடுதல் டேட்டா கேபிள் இல்லை போலிருக்கிறது. டிவிடி டிரைவில் இருந்ததைப் பிடுங்கி எஸ்எஸ்டிக்குக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பறக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்கேன் சிடி வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் டிரைவ் காணாமல் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நீங்களும் அப்படியே பாருங்கள்.

கேபிள் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் இரண்டு முனையையும் கழற்றி, மறுபடி சொருகுங்கள். கழற்றும்போது கேபிளை இழுக்காதீர்கள், முனையைப் பிடித்து இழுங்கள். சிலவற்றில் சின்ன இரும்புக் கொக்கி இருக்கும், அதை அழுத்தியபடி எடுக்க வேண்டும். அப்புறம் மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் வேறு டேட்டா கேபிள். ஹார்ட் டிஸ்கின் கேபிளை ஒரு நிமிடம் கடன் வாங்கி டிரைவில் மாட்டி, பயாஸில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

கேபிளை விரலால் முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நெல், ராகி மூட்டை இருக்கிற அறையிலேயே கம்ப்யூட்டரும் இருக்கும். எலி கேபினெட்டின் பின்னால் ஸ்லாட் தகடு இல்லாத சந்து வழியாக உள்ளே போகும். ஒரு தடவை பாலக்கோட்டிலிருந்து வந்த கேபினெட்டில், டேட்டா கேபிளின் மேல்தோல் அரை அங்குலத்துக்குச் சுரண்டப்பட்டு, உள்ளே வெள்ளிக் கம்பிகள் பல்தடத்தோடு மின்னின. மேலோட்டமாகப் பார்த்தால் முழுக் கேபிள். கை வைத்தால்தான் பள்ளம் தெரியும். பழைய கேபிளை மாற்றிவிட்டு, அந்தச் சந்துக்கு ஒரு தகடு வாங்கி மூடிவிடுங்கள்.

தூசியும் அப்படித்தான். பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கு அருகில் இருக்கிற கம்ப்யூட்டர்களைத் திறந்தால், மாவு சலித்து விட்டது போல வெளுப்பாக எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். கனெக்டரின் வாயில் அந்த மாவு இருந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டுச் சொருகுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

முதல் வகைக்காரர்கள், அதாவது லைட்டே எரியாதவர்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சும்மா தொங்கும் வேறொரு பவர் முனையை மாட்டிப் பாருங்கள். அதற்கும் எரியவில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது என்றால் டிரைவின் ஆயுசு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் அகலமான ரிப்பன் கேபிள் இருக்கும், அது ஐடிஇ. ஒரே ரிப்பனில் இரண்டு கருவிகள் மாட்டலாம், ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். டிரைவின் முதுகில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டித் தொப்பி எந்த ஊசியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது முடிவாகும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் ஒன்று காணாமல் போகும். ஜம்பரை மாற்றி வைத்தால் போதும்.

லேப்டாப் என்றால்

அடிப்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பெரும்பாலான மாடல்களில் டிவிடி டிரைவைப் பிடித்திருக்கும். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அந்த ஸ்க்ரூவைக் கழற்றி டிரைவை மேசை டிராயர் போல வெளியே இழுங்கள். கனெக்டரை ஊதாமல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, 'டக்' என்று உட்காரும்வரை உள்ளே தள்ளுங்கள். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகிற லேப்டாப்புகளில் இது கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

செகண்ட் ஹாண்ட் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரு எஸ்பி ரோடு போய் பழைய லேப்டாப் வாங்கி வருவார்கள். வெளியே டிவிடி டிரைவின் முகப்பு இருக்கும். இழுத்துப் பார்த்தால் உள்ளே டிரைவ் இருக்காது. 'கேடி' என்ற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கும், அல்லது வெறும் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். இல்லாத டிரைவுக்கு டிரைவர் தேடி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கிறது. எஜெக்ட் பட்டனை அழுத்தினால் அழுந்துகிறதா, ட்ரே அசைகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். புது டிரைவ் வாங்குவதானால் பழையதன் தடிமனை அளந்துகொண்டு போங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக உட்காராது.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை என்றால்

இப்போது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடலாம். இனி எல்லாம் மவுஸ் வேலை.

ஸ்டார்ட் பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். கீழ்ப் பாதியில் 'சிடி-ராம் 0' என்று ஒரு வரி இருந்து, பக்கத்தில் டி, இ, எஃப் என்று எந்த எழுத்தும் இல்லை என்றால் டிரைவ் வந்துவிட்டது, அதற்குக் கதவு எண் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்து, காலியாக இருக்கும் ஓர் எழுத்தைக் கொடுங்கள். உடனே திஸ் பிசியில் வந்து நிற்கும்.

அங்கே இல்லை என்றால் அதே ஸ்டார்ட் பட்டன் ரைட் கிளிக்கில் 'டிவைஸ் மேனேஜர்'. 'டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்' என்ற தலைப்பை விரியுங்கள். டிரைவின் பெயரில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா? இரண்டு முறை கிளிக் செய்து, அதில் வரும் கோட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். டிரைவின் பெயரில் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம். சிடி டிரைவுக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. எழுந்ததும் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். அதனால்தான் 'டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம்' என்று இணையத்தில் கூப்பிடுகிற மென்பொருள் எதையும் இதற்காக இறக்கக் கூடாது என்று சொல்கிறேன். சிடி டிரைவுக்கு அது தேவையே இல்லை, கூடவே வேண்டாததும் வந்து உட்காரும்.

திரும்பவும் அதே மஞ்சள் முக்கோணம், கோட் 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்று என்றால் காரணம் பெரும்பாலும் பழைய சிடி எழுதும் மென்பொருள். அது தன்னை விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் ஃபில்டராகச் சொருகிக்கொள்ளும். மென்பொருளை நீக்கினாலும் ஃபில்டரின் பெயர் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டில், மிஞ்சிவிடும். இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு விண்டோஸ் வாசலிலேயே நின்றுவிடும். அந்தப் பெயரை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது கவனமான வேலை. அவசரமாக இருக்கும்போது செய்யாதீர்கள்.

1. ஸ்டார்ட் தேடலில் 'ரெஜிஎடிட்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். முதல் வேலையாக ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, 'ஆல்' தேர்ந்து, முழுப் பிரதியை எடுத்து வையுங்கள்.

2. இடது பக்கத்தில் 'ஹெச்கீ லோக்கல் மெஷின்', அதற்குள் 'சிஸ்டம்', 'கரன்ட்கன்ட்ரோல்செட்', 'கன்ட்ரோல்', 'கிளாஸ்' என்று ஒவ்வொன்றாக விரியுங்கள்.

3. அடைப்புக்குறிக்குள் நீள நீள எண்கள் வரிசையாக வரும். 4டி36இ965 என்று தொடங்குவதைத் தேடுங்கள். பக்கத்து வீடுகள் எல்லாம் ஏறக்குறைய இதே எண்தான், இந்த முதல் எட்டு எழுத்துகளில் கடைசி ஓரிரு எழுத்து மட்டும் மாறும். ஆகவே அதைக் கிளிக் செய்ததும் வலது பக்கத்தில் 'கிளாஸ்' என்ற வரிக்கு நேராக 'சிடிராம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தவறான வீட்டில் நிற்கிறீர்கள், வெளியே வாருங்கள்.

4. அதே வலது பக்கத்தில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்று இருந்தால் அந்த இரண்டு வரியை மட்டும் நீக்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒன்றை. வேறு எதையும் தொட வேண்டாம். ரீஸ்டார்ட்.

சிடி எழுதும் மென்பொருள் இன்னும் உங்களுக்குத் தேவை என்றால் அதை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவே பயமாக இருக்கிறதா? விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருளான உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவாமலேயே ஓடும். டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்தால் வரும் பட்டியலில் 'எஸ்ஆர்0' இருந்தால் அதுதான் உங்கள் டிரைவ். அவசரமாக வேண்டிய சிடியை அங்கேயே திறந்து காப்பியும் செய்துவிடலாம். விண்டோஸை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ்

வெளியே மாட்டுகிற டிரைவ் தெரியவில்லை என்றால் பத்தில் பெரும்பகுதி கரன்ட் பற்றாக்குறைதான். பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும்; டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் டிரைவ் அணைந்து அணைந்து எரியும். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் 900 தரும், அதில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட். ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் ஹப் வேண்டாம். இரட்டை முனைக் கேபிள் கூட வந்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள். கேபிள் தொலைந்து போன் சார்ஜர் கேபிளைப் போட்டிருந்தால், அது சார்ஜ் மட்டும் ஏற்றும் வகையாக இருக்கலாம். லைட் எரியும், ட்ரே திறக்கும், கம்ப்யூட்டர் மட்டும் காட்டாது.

டிரைவ் தெரிகிறது, சிடி தெரியவில்லை என்றால்

வேறு இரண்டு மூன்று டிஸ்குகளைப் போட்டுப் பாருங்கள், கட்டாயம் ஒரு சிடியும் ஒரு டிவிடியும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டரில் சிவப்பு லேசர். ஒரே டிரைவுக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒன்று தளர்ந்துபோய் மற்றது நன்றாக இருப்பது சகஜம். டிவிடி எல்லாம் ஓடி, ஸ்கேன் சிடி மட்டும் ஓடவில்லை என்றால் சிடியைக் குறை சொல்லும் முன் இதை நினையுங்கள்.

டிஸ்கை ஓரத்தில் பிடித்து, பஞ்சுத் துணியால் நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடம் வட்டமாகத்தான் ஓடுகிறது, வட்டக் கீறல் விழுந்தால் ஒரு தடம் முழுக்கப் போகும். நடு ஓட்டையில் விரிசல் விட்ட டிஸ்கைப் போடவே வேண்டாம். 52 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும், உள்ளேயே சிதறிவிடும்.

ட்ரே திறக்காமல் டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முகப்பில் இருக்கும் குண்டூசி அளவு ஓட்டையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்துங்கள். கொஞ்சம் எதிர்ப்பு தெரியும், அதைத் தாண்டி அழுத்தினால் ட்ரே அரை அங்குலம் வெளியே வரும். மிச்சத்தைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.

லேப்டாப் டிரைவில் ட்ரேயை இழுத்தால் லென்ஸ் கண் எதிரிலேயே தெரியும். மிளகு அளவுக்கு ஒரு நீலக் கண்ணாடிச் சொட்டு, மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். காது பட்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, கண்ணில் மை வைக்கிற அழுத்தத்தோடு ஒரு சுற்று. இரண்டு நிமிடம் காயவிடுங்கள். இதைக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள், லேசர் கண்ணுக்கு ஆபத்து. தேங்காய் எண்ணெய், பெட்ரோல், எச்சில் எதுவும் வேண்டாம். டெஸ்க்டாப் டிரைவில் லென்ஸ் உள்ளே ஆழத்தில் இருக்கும், பிரித்தால்தான் எட்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ஓடியதும் செய்ய வேண்டியது

டிரைவ் ஒரு முறை படித்துவிட்டால் அந்த நிமிடமே காப்பி எடுங்கள். நாளைக்கும் படிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் எழுதிய சிடியிலும் டிவிடியிலும் தகவல் ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலும் சூடும் அதை மெல்ல மெல்ல அழிக்கும். ஓட்டு வீட்டுப் பரணில் போட்டு வைக்காதீர்கள்.

கல்யாண டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை முழுதாக எடுங்கள், உள்ளே இருக்கும் பெரிய ஃபைல்களை மட்டும் பொறுக்காதீர்கள். ஸ்கேன் சிடி என்றால் சிடியில் இருப்பது எல்லாவற்றையும், 'டைகாம்டிர்' என்ற சின்ன ஃபைல் உட்பட, ஒரே ஃபோல்டரில் போடுங்கள். அந்தச் சின்ன ஃபைல்தான் எந்தப் படம் எந்த வரிசை என்று டாக்டரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். திரையில் தெரிகிற படத்தை போனில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனால் டாக்டரால் அதை அடுக்கு அடுக்காக நகர்த்திப் பார்க்க முடியாது.

பையன் மறுநாள் கடைக்கு வந்து ஒரு சாட்டா டேட்டா கேபிள் வாங்கிப் போனான். மாலையில் போன் செய்தபோது பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. அப்பா, அம்மா கல்யாண டிவிடியைப் போட்டிருந்தான். தாத்தா பேசுகிற இடம் அதில் மட்டும்தான் இருக்கிறதாம். ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிட்டு, டிஸ்கின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாமல் மார்க்கரால் தேதியை எழுதி உறையில் போடச் சொன்னேன்.